கதையில் சோறு எங்கிருந்து வருகிறது? ஃபேன்டஸி நாவல்கள், நம் விவசாயம், ஒரு பயண ஆசை

தென்னந்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். பேராவூரணிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னை, அதை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல், கொட்டிலில் இரண்டு பசு. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வருடம் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகத்தையும் கொண்டுவந்தாள். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் வாசித்து அர்த்தம் சொல்ல, நான் கேட்க, அப்படியே எட்டு மாதம் போயிற்று.

கடைசியில் ஒரு இடம் வருகிறது. போரெல்லாம் முடிந்து, தீய சக்தி கொண்ட மோதிரம் அழிந்து, அதற்காகப் புறப்பட்டுப் போன நாலு நண்பர்களும் சொந்த ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். ஊரே மாறிக் கிடக்கிறது, சாலையோர மரங்களை எல்லாம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். விருந்து நடந்த மைதானத்தில் நின்ற பெரிய மரமும் கிளை கழித்து வயலில் கிடக்கிறது. அவ்வளவு தூரம் போய் அவ்வளவு சாவைப் பார்த்துவிட்டு வந்த சாம் அந்த மரத்தைப் பார்த்துத்தான் வெடித்து அழுகிறான். அவன் தோட்டக்காரன். வீட்டை இடித்தால் திரும்பக் கட்டிவிடலாம், இந்த மரங்கள் பழையபடி நிற்பதைத் தன் கொள்ளுப்பேரன்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொள்கிறான்.

மகள் அதை வாசித்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். என் தோப்பில் 210 மரம் இருந்தது, 163 சாய்ந்துவிட்டது. எல்லாம் அப்பா வைத்த நெட்டை மரம். நெட்டை வைத்தால் பாளை விடவே ஆறேழு வருடம் ஆகும், முழுக் காய்ப்புக்கு வர அதற்கு மேலும் ஆகும். எனக்கு அன்றைக்கு நாற்பத்தி நாலு வயது. விழுந்த மரத்தை எண்ணிக்கொண்டே வந்தபோது நான் போட்ட கணக்கும் சாம் போட்ட கணக்கும் ஒன்றுதான். அந்த எழுத்தாளர் டோல்கீன் எப்போதாவது மரம் விழுந்து பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி எழுத வராது.

சாமுக்கு ஒரு தேவதை அரசி பெட்டி ஒன்று கொடுத்திருப்பாள், அவள் தோட்டத்து மண்ணும் ஒரே ஒரு விதையும் உள்ளே இருக்கும். அவன் அந்த மண்ணை ஒரே இடத்தில் கொட்டாமல், வைக்கிற ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு துகள் என்று ஊர் முழுக்கப் பிரித்துப் போடுவான். இருபது வருட வளர்ச்சி ஒரே வருடத்தில் வந்துவிடும். கதையில் வேறெந்த மந்திரமும் எனக்கு வேண்டும் என்று தோன்றவில்லை. அது ஒன்று மட்டும் தோன்றியது.

கேட்க வந்தது இரண்டு. ஒன்று, இப்படி மண்ணும் பயிரும் தெரிந்து எழுதிய ஃபேன்டஸி கதை வேறு என்ன இருக்கிறது? அவளோடு படிக்கும் பிள்ளைகள் சொல்லும் கதைகளில் எல்லாம் ராஜா, வாள், படை. அந்தப் படைக்கு யார் நெல் விளைவிக்கிறார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டு, இந்தக் கதையைப் படமாக எடுக்க நியூசிலாந்தில் கட்டிய ஊர் இன்னும் இருக்கிறதாம், ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள். மாடு வைத்திருப்பவன் பத்து நாள் வெளியூர் போக வழி உண்டா?

வாசிப்பறை:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். ஃபேன்டஸியில் விவசாயம் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பது சரியில்லை. என் அப்பாவுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலம் இருந்தது. கிணறு வற்றி, ஆழப்படுத்தி, மறுபடி வற்றி, கடைசியில் விற்றுவிட்டு 1994இல் சென்னைக்கு வந்தார். நான் வளர்ந்ததெல்லாம் அந்தக் கிணற்றுப் பேச்சைக் கேட்டுத்தான். ஹாரி பாட்டர் கையில் கிடைத்தபோது எனக்குப் பதிமூன்று வயது. அந்தப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் காலித் தட்டு தானாக நிரம்பும், இல்லையா, அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. யார் விதைத்தது, யாருக்குக் கடன் என்று கேட்கவே வேண்டாத ஒரு சாப்பாடு. எனக்குக் கதையில் அதுதான் வேண்டியிருந்தது, இன்றைக்கும் அதுதான் வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த அத்தியாயத்தைப் படத்தில் விட்டே விட்டார்கள், படம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மழைமானி:

தம்பி வாசிப்பறை, தட்டு தானாக நிரம்பவில்லை. கீழே சமையலறையில் சம்பளம் இல்லாமல் உழைக்கும் எல்ஃப்கள் என்ற குட்டி வேலையாட்கள் சமைத்து மேலே அனுப்புகிறார்கள். நாலாவது புத்தகத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனிக்கு அது தெரிய வந்ததும் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். 2007இல் வந்த ஏழாவது புத்தகத்தையும் நினைத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகளும் கூடாரத்தில் பட்டினி கிடக்கும்போது அவளே ஒரு விதியைச் சொல்வாள்: மந்திரத்தால் வெறுங்கையிலிருந்து உணவை வரவழைக்க முடியாது, இருக்கும் இடம் தெரிந்தால் அழைக்கலாம், கொஞ்சம் இருந்தால் பெருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பசிதான் அவர்களுக்குள் சண்டையையே மூட்டுகிறது. ஆக, அந்த எழுத்தாளரும் சோறு சும்மா வராது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

தென்னந்தோப்பு ஐயாவுக்கு ஒரு செய்தி. ‘படைக்கு யார் நெல் விளைவித்தார்கள்’ என்று கேட்டீர்களே, டோல்கீன் அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறார். கதையின் வில்லன் ஆளும் மோர்டோர் நாடு முழுக்கச் சாம்பலும் பாறையும் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது, ஆனால் தெற்கே நூர்னென் என்ற ஏரிக்கரையில் அடிமைகளை வைத்து உழும் பெரிய வயல்கள் இருப்பதாகப் போகிற போக்கில் சொல்லிவிடுவார். சாமும் அவன் எஜமான் ஃப்ரோடோவும் அந்த வயல்களைப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, அவர் அதற்கு முன்பே எழுதி 1937இல் வந்த ‘த ஹாபிட்’ கதையின் முதல் பதிப்பில் விருந்தில் தக்காளி வரும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர், அந்தப் பழைய உலகத்துக்கு ஒட்டாது. 1966 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு ஊறுகாய் என்று மாற்றினார். உருளைக்கிழங்கும் புகையிலையும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

கொங்குக்காடு:

உடுமலைப் பக்கம். மக்காச்சோளம், கொஞ்சம் தக்காளி, வரப்பில் தென்னை.

அண்ணா, எனக்குப் பிடித்தது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வரிசை. தொடரைச் சொல்லவில்லை, புத்தகத்தைச் சொல்கிறேன். ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது. அதில் டெனரிஸ் என்ற அரசி மூன்று டிராகன் வளர்ப்பாள். டிராகன் என்றால் எல்லோருக்கும் நெருப்பும் பறப்பதும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் ஆட்டுக்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள், சாக்கில் கருகிய எலும்பைக் கொண்டுவந்து தரையில் கொட்டி ‘உங்கள் டிராகன் தின்ற ஆட்டுக்குப் பணம் கொடுங்கள்’ என்பார்கள். பக்கத்தில் இருக்கிற அதிகாரி ‘இவர்கள் பொய் சொல்கிறார்கள்’ என்பான். அரசி கொடுக்கத்தான் சொல்வாள். கடைசியாக ஒருத்தன் கொண்டுவரும் எலும்பு ஆட்டு எலும்பாக இருக்காது, அவன் மகளுடையதாக இருக்கும். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் காட்டுக்கு டிராகன் வருவதில்லை, காட்டுப்பன்றியும் மயிலும் வருகின்றன. பன்றி ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் சோளத்தைப் படுக்க வைத்துவிடும். மயில் தேசியப் பறவை, அதன் மேல் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் நிலக்கடலை விதைத்த மறுநாள் காலையில் பதினைந்து மயில் வரிசையாக நின்று முளையைக் கொத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவனுக்கு அன்றைக்கு என்ன பதில்? வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறோம். பன்றி கொஞ்ச நாள் பயப்படும், அப்புறம் பழகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பரணில் உட்கார்ந்து டார்ச் அடித்தால் காலையில் வேறு வேலை ஓடாது. இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், படம் எடுத்துக் கொடுத்தேன், வந்து பார்த்த அலுவலர் இதெல்லாம் மாடு மேய்ந்ததாக இருக்கலாமே என்றார். அந்த நிமிடம் எனக்குச் சாக்கு எலும்புதான் ஞாபகம் வந்தது. இந்த எழுத்தாளர் மார்ட்டின் எங்கேயோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதுகிறார், எங்கள் காட்டில் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.

இரண்டாவது புத்தகத்தில் தலைநகரத்துக்குத் தானியம் வரும் சாலையை அடைத்துவிடுவார்கள். படை ஊருக்குள் வருவதற்கு முன்பே சனங்கள் பசியில் கலவரம் செய்வார்கள். யார் சிம்மாசனத்தில் உட்கார்ந்தாலும் வண்டி வராவிட்டால் ஒன்றும் ஓடாது. ஒரே ஒரு குறை. அந்த உலகத்தில் குளிர்காலமும் கோடைக்காலமும் வருடக்கணக்கில் நீளும், எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் பழமரம் எப்படிப் பிழைக்கும், விதையை எத்தனை வருடம் முளைப்புத்திறன் போகாமல் வைத்திருப்பார்கள், அதைச் சொல்லவே இல்லை. நாங்கள் ஒரு பருவம் தள்ளிப்போனாலே தவித்துப்போகிறோம்.

சம்பாநாற்று:

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு ஏக்கர் நெல், நானும் அம்மாவும்தான் பார்க்கிறோம்.

தென்னந்தோப்பு அண்ணா, நீங்கள் தேடும் புத்தகம் உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ வரிசை. முதல் புத்தகம் 1968இல் வந்தது. கடல் நடுவே நூற்றுக்கணக்கான தீவுகள். ஆடு மேய்க்கிற ஒரு பையன் மந்திரவாதியாகிறான். ஒவ்வொரு தீவிலும் மழையைத் தள்ளிவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இவன் தீவில் இன்றைக்கு மழை வேண்டாம் என்றால் மேகத்தைப் பக்கத்துத் தீவுக்குத் தள்ளுவான், அவனும் வேண்டாம் என்று அடுத்ததற்குத் தள்ளுவான், கடைசியில் அது யாருக்கும் உதவாமல் நடுக்கடலில் பெய்து முடியும். மந்திரப் பள்ளியில் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் பெரிய பாடமே இதுதான்: இங்கே நீ பெய்விக்கிற மழை இன்னொரு தீவில் வறட்சியாக முடியலாம். டெல்டாவில் பிறந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் என்று நாங்கள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28தான். ஒரே ஆறு, ஒரே வயல், இரண்டு மாத வித்தியாசம். ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் குறுவை வைத்தார்கள், மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். நாங்கள் காத்திருந்தவர்கள்.

அதே வரிசையில் 1990இல் ‘டெஹானு’ என்று ஒன்று வந்தது. அதில் பெரிய போரெல்லாம் கிடையாது. தெனார் என்ற பெண், ஒரு காலத்தில் கோயிலுக்கே தலைவியாக இருந்தவள், ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்று இப்போது விதவை. ஆடு, பழத்தோட்டம், பாத்திரம் கழுவுவது, குழந்தைக்குத் தலை வாருவது என்று அவள் நாள் போகும். பெரிய மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து அவளிடம் வந்து சேருவார், வந்து பழையபடி ஆடு மேய்ப்பார். நிறையப் பேருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். எனக்கு அந்த வரிசையிலேயே அதுதான் உசத்தி. பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற பொம்பளையை ஒரு ஃபேன்டஸி கதைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது வேறு யார்?

டோல்கீனிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஷயரில் எல்லோரும் நாளுக்கு ஆறு வேளை சாப்பிடுகிறார்கள். களை எடுப்பது யார்? நடவு நடுவது யார்? கூலி எவ்வளவு? ஃப்ரோடோ சொத்துக்காரன், சாம் அவன் வீட்டுத் தோட்டக்காரன், கடைசிவரை ‘எஜமான்’ என்றுதான் கூப்பிடுகிறான். எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் அம்மாமார்கள் அந்த ஊரில் எங்கே இருப்பார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

தென்னந்தோப்பு:

தங்கச்சி சொன்னது நியாயம்தான், அதை நான் யோசிக்கவே இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். சாம் கடைசியில் அந்த வீட்டுக்கே உரிமையாளன் ஆகிறான், அப்புறம் ஏழு தடவை ஊர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஆனால் அதுவும் ஒருத்தனுக்குக் கிடைத்ததுதான், கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் கிடைத்ததாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை.

கொங்குக்காடு தம்பி, சேலை கட்டுவது இங்கேயும் உண்டு. எங்களுக்கு இப்போது பன்றியைவிட வெள்ளை ஈதான் பெரிய தொல்லை. கஜாவில் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆளும் கிடைக்கவில்லை, இயந்திரமும் கிடைக்கவில்லை. அடிமரங்கள் அங்கேயே கிடந்து மக்கின. மக்கிய மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பித்து நின்ற 47 மரத்தில் ஏறி குருத்தைக் குடைந்தது. அதைச் சமாளித்து முடிப்பதற்குள் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம் போடும், அது கழிக்கும் தேன் மாதிரியான திரவம் கீழ் ஓலையில் விழுந்து கரும்பூசணம் படரும். ஓலை கறுத்துப் போனால் வெயிலை எப்படி வாங்கும்? சாமுக்கு ஒரு எதிரி, அவனை விரட்டிய பிறகு மண்ணைத் தூவினான், முடிந்தது. நமக்கு ஒன்று போனால் அடுத்தது.

கொங்குக்காடு:

அண்ணா, வெள்ளை ஈக்கு மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள், அடித்தால் அதைத் தின்கிற நல்ல பூச்சியும் செத்துவிடும். என்கார்சியா என்று ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். அது இருக்கும் ஓலையை வெட்டி வந்து உங்கள் மரத்தில் கட்டினால் பரவும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி ஆளுயரத்தில் தொங்கவிடுங்கள். ஓலையின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலும் பாதி குறைகிறது. பொள்ளாச்சிப் பக்கம் 2016இலிருந்து இதோடுதான் வாழ்கிறார்கள்.

வாசிப்பறை:

ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். மழைமானி அக்கா சொன்ன விதியை எடுத்துப் பார்த்தேன், சரிதான். எல்ஃப் சமைப்பதும் எனக்குத் தெரியும், மறக்க விரும்பியிருக்கிறேன் போல. ஆனால் என் கட்சியை நான் விடவில்லை. நம்மிடமே பெரிய சான்று இருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபி. விதைக்காமல், அறுக்காமல், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஒரு காப்பியமே அந்தப் பாத்திரத்தைச் சுற்றி நடக்கிறது. பசித்தவனுக்கு முதலில் கனவில் வருவது வயல் கிடையாது, நிறைந்த பாத்திரம். நான் பதிமூன்று வயதில் தேடியதும் அதைத்தான். அதைக் குறை சொல்லாதீர்கள்.

மழைமானி:

குறை சொல்லவே மாட்டேன் தம்பி. நான் முப்பது வருடம் தமிழ் நடத்தியவள், அந்தப் பாத்திரத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் எடுத்திருக்கிறேன். ஆனால் அது மணிமேகலை கைக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். முதலில் அது ஆபுத்திரன் கையில் இருந்தது. மதுரையில் பிச்சையெடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவன் அவன். சிந்தாதேவி அவனுக்கு அதைக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் சோறு போட்டான். இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்றபோது, பசித்தவர் முகம் மலர்வதைப் பார்க்கிற எனக்கு உன் வரம் எதற்கு என்றான். இந்திரனுக்குக் கோபம். அவன் சபிக்கவில்லை, இடி விழ வைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் மழையில்லாமல் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்ய வைத்தான். வயல் விளைந்தது. ஆபுத்திரன் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டான், ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உயிரைவிட்டான்.

அந்தக் கதையில் அமுதசுரபி தோற்ற ஒரே இடம் அது. மழையிடம் தோற்றது. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் உங்களுக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடம் தேவைப்பட்டிருக்குமா?

வாசிப்பறை:

இல்லை அக்கா, தேவைப்பட்டிருக்காது.

ஹாமில்டன்வாசி:

வணக்கம், நியூசிலாந்து ஹாமில்டனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் ஒரத்தநாடு. தென்னந்தோப்பு அண்ணன் கேட்ட ஊர் இங்கிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரத் தூரம்தான், மட்டமட்டா என்ற சின்ன ஊருக்கு வெளியே இருக்கிறது. நான் மூன்று தடவை போயிருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது, அது சினிமா ஊர் ஆவதற்கு முன்னும் பண்ணை, இன்றைக்கும் பண்ணை. 1,250 ஏக்கர், ஆயிரக்கணக்கில் ஆடு, இறைச்சி மாடு. 1998இல் படக்குழு விமானத்தில் இடம் தேடும்போது, ஏரிக்கரையில் நின்ற ஒரு பெரிய பைன் மரத்தையும் சுற்றிலும் மின்கம்பியோ சாலையோ இல்லாத மேட்டையும் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சாலை போட நியூசிலாந்து ராணுவம் வந்தது. முதல் படத்துக்குக் கட்டியது தற்காலிகம்தான், ஹாபிட் படங்களுக்காகத் திரும்பக் கட்டியபோதுதான் நிலைக்கிற மாதிரி கட்டினார்கள்.

வழிகாட்டி சொல்லும் இரண்டு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். புத்தகத்தில் பிள்ளைகள் பிளம் மரத்தடியில் உட்கார்ந்து பழம் தின்பதாக ஒரு வரி இருக்கிறது. பிளம் மரம் அந்தக் காட்சிக்கு உயரம் அதிகமாகிவிடும் என்று ஆப்பிள், பேரி மரங்களை நட்டு, அதன் இலையையும் காயையும் உருவிவிட்டு, பிளம் இலையையும் பழத்தையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் பண்ணையில் ஆயிரக்கணக்கில் ஆடு இருந்தும், இயக்குநர் மனதில் இருந்த ஷயருக்கு அந்த ஆடு பொருந்தவில்லை என்று கறுப்பு முகமுள்ள சஃபோக் ஆடுகளை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே இருக்கும் காய்கறிப் பாத்தி நிஜம். பூசணியும் முட்டைக்கோசும் தோட்டக்காரர்கள் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பாத்திக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன், கூட வந்தவர்கள் அந்த வீடுகளின் வட்டக்கதவு முன்னால் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

பயணத்துக்கு ஒரு முக்கியமான குறிப்பு. இங்கே விமான நிலையத்தில் மண்ணுக்கும் விதைக்கும் கெடுபிடி அதிகம். நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் பண்ணைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆம் என்றே எழுதுங்கள். செருப்பு, பூட்ஸில் துளி மண் இல்லாமல் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் 400 டாலர் அபராதம். ஊரிலிருந்து ஊறுகாய், தேங்காய், விதை எதுவாக இருந்தாலும் எழுதிக் காட்டிவிடுங்கள். இந்த நாடே ஆட்டையும் மாட்டையும் பழத்தையும் நம்பி இருக்கிறது, ஒரு நோய் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று வெள்ளை ஈயைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும், மாற்றுப் பேச்சே இல்லை.

கொங்குக்காடு:

இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆசையும் ஒரு பயமும் வருகிறது. நம் தோட்டத்தையும் இப்படி நாலு பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்தால் நல்லதுதானே? ஆனால் போன பொங்கலுக்கு நகரத்திலிருந்து சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். படம் எடுக்க வேண்டும் என்று தக்காளிப் பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். சொட்டுநீர்க் குழாய் நாலு இடத்தில் மிதிபட்டு உடைந்தது. வந்தவர்கள்மேல் குற்றம் சொல்ல மனசில்லை, எது குழாய் எது செடி என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்ட்ரிம்வாசி:

அந்தப் பயத்துக்குச் சான்று நான் தருகிறேன். வட அயர்லாந்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் ஒரே ஒரு காட்சியில் ஒரு மரச்சாலை வரும், இரண்டு பக்கமும் பீச் மரங்கள் மேலே கைகோத்து நிற்கும். டார்க் ஹெட்ஜஸ் என்று பெயர். ஒரு குடும்பம் தங்கள் மாளிகைக்குப் போகும் வழியில் 1775 வாக்கில் வைத்த மரங்கள். பீச் மரத்துக்கு ஆயுள் சாதாரணமாக 150, 200 வருடம், இவை அதையும் தாண்டி நின்றவை. தொடர் வந்ததும் பேருந்தும் காரும் குவிந்தன. வேர் மேல் வண்டி ஏறி ஏறி மண் இறுகிப்போய்விட்டது. 2016 புயலில் இரண்டு மரம் விழுந்தது. 2017இல் வண்டிகள் உள்ளே வரத் தடை போட்டார்கள். 2023 நவம்பரில் ஆபத்து என்று சொல்லி ஆறு மரங்களை வெட்டினார்கள், அன்றைக்கு நான் லீவில் இருந்ததால் போய்ப் பார்த்தேன். விழுந்த மரங்களில் கதவு செய்து, அதில் கதைக்காட்சிகளைச் செதுக்கி அங்கங்கே மதுக்கடைகளில் மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அந்தக் கதவைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எங்கள் அப்பா தென்னை மூட்டில் டிராக்டர் போனாலே சத்தம் போடுவார், வேர் மூச்சுவிட வேண்டாமா என்பார்.

சம்பாநாற்று:

இதனால்தான் எனக்குக் கதை நடந்த இடத்தைத் தேடிப் போவதைவிடக் கதை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துகொள்ளப் பிடிக்கும். ஆனால் அண்ணா, நீங்கள் போய் வாருங்கள். பிள்ளை கேட்கிறாள், அதுவும் பண்ணையைப் பார்க்கக் கேட்கிறாள்.

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த இழையை நான் கொள்முதல் நிலைய வாசலில் உட்கார்ந்துதான் படித்தேன். நெல்லைக் கொட்டி ஆறு நாள் ஆகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், நேற்று மழைக்குப் பிறகு எங்களுடையது 20 காட்டுகிறது. தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே டெஹானுவை மறுபடி படிக்கிறேன். குவியலின் ஓரத்தில் கொஞ்சம் முளைத்துவிட்டது.

தென்னந்தோப்பு:

தங்கச்சி, இன்றைக்கு வெயில் அடிக்கிறது, அங்கேயும் அடிக்கும் என்று நம்புகிறேன். எடை போட்டதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

எல்லோருக்கும் பதில் எழுத நினைத்து இரண்டு நாள் போய்விட்டது. மாட்டுக்கு வழி கிடைத்துவிட்டது. ஹாமில்டன் தம்பியின் ஊர் ஒரத்தநாடு என்று சொன்னதும் என் மனைவி விசாரித்தாள், அவருடைய சித்தப்பாவும் என் மச்சானும் ஒரே பால் சொசைட்டிக்குத்தான் ஊற்றுகிறார்கள். மச்சான் மே மாதம் பத்து நாள் எங்கள் வீட்டில் வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஒரு பசு ஏப்ரலில் கன்று போடும், மே மாதம் கறவையில் இருக்கும், அதுதான் கொஞ்சம் யோசனை. இன்னொன்றுக்கு அப்போது பால் வற்றியிருக்கும். காய் வெட்டும் அதற்கு முன்னால் முடிந்துவிடும். பணத்துக்கு அந்தக் காயையும் கொஞ்சம் நகையையும்தான் நம்பியிருக்கிறேன், போன வருடம் மாதிரி விலை நின்றால் போதும்.

மஞ்சள் அட்டை முப்பது கட்டியிருக்கிறேன். என்கார்சியா ஓலை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

2019 ஆடியில் வைத்த நெட்டைக் கன்றுகளில் ஏழு மரம் இந்த மாதம் பாளை விட்டிருக்கிறது. முதல் பாளை, குரும்பை பாதி உதிரும், அது தெரியும். மகள் ஏழுக்கும் பெயர் வைத்திருக்கிறாள், கிணற்றடியில் நிற்கிறதுக்கு சாம்.